அந்தப் பாட்டைப் போட்டது யார்?

டோனி சோப்ரானோ ஒரு சின்ன ஓட்டலுக்குள் வருகிறான். நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி கடை. மேஜைக்கு மேஜை ஒரு குட்டி ஜூக்பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் வந்து சேரவில்லை. உட்கார்ந்தவன் ஜூக்பாக்ஸில் பாட்டுப் பெயர்களைப் புரட்டிப் பார்க்கிறான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். ஜர்னி குழு 1981இல் பாடிய 'டோன்ட் ஸ்டாப் பிலீவிங்' ஆரம்பிக்கிறது.

கதவில் மணி கட்டியிருக்கிறது. அது அடிக்கும்போதெல்லாம் டோனி நிமிர்ந்து பார்க்கிறான். மனைவி கார்மெலா வருகிறாள். மகன் ஏ.ஜே. வருகிறான். ஒரு தட்டு ஆனியன் ரிங்ஸ் வருகிறது. வெளியே மகள் மெடோ காரை ஒழுங்காக நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கவுண்டர் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து டாய்லெட் பக்கம் போகிறான். மெடோ ஓடி வருகிறாள், மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான். பாடகர் 'டோன்ட் ஸ்டாப்' என்று சொன்ன இடத்திலேயே திரை கறுத்துவிடுகிறது. பாட்டும் அறுந்துபோகிறது. கிட்டத்தட்ட பத்து வினாடிக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் பெயர்கள் ஓடுகின்றன, அதற்கும் இசை கிடையாது.

நியூ ஜெர்சி மாஃபியாத் தலைவன் டோனியின் கதையான 'த சோப்ரானோஸ்' தொடரின் கடைசி எபிசோட் 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானபோது, கேபிள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடியவர்கள் ஏராளம். டோனி செத்தானா, பிழைத்தானா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. என்னை விடாமல் இழுப்பது அதற்கு முந்தைய சில வினாடிகள். அந்தப் பாட்டை டோனியே போடுகிறான்.

(கீழே பல தொடர்களின் முடிவுகளைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம், கட்டுரை எங்கேயும் போய்விடாது.)

தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் நினைத்திருந்தால் அதே பாட்டைப் பின்னணியில் ஓட விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது இயக்குநர் நமக்குச் சொல்லும் சேதியாகியிருக்கும். டோனி தேர்ந்தெடுத்ததால் அது டோனியைப் பற்றிய தகவலாகிறது. கொலைகாரன், கூட்டத் தலைவன், எத்தனையோ பேரைக் குழியில் தள்ளியவன், குடும்பத்துக்காகக் காத்திருக்கும்போது போடுவது இளமைக் காலத்து நம்பிக்கைப் பாட்டு. பாட்டின் பாடகர் ஸ்டீவ் பெரி, அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அனுமதி கொடுத்தார். தன் பாட்டு ஓடும்போது டோனி சுடப்படுவதை அவர் விரும்பவில்லை. ஆறு சீசன், 86 எபிசோட் ஓடிய அந்தத் தொடருக்குத் தனியாகப் பின்னணி இசை என்று எதுவும் அமைக்கப்படவில்லை. எல்லாமே ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள். அவற்றில் பல, கதைக்குள் இருக்கும் ரேடியோவிலும் கிளப்பிலும் காரிலும் ஒலிப்பவை.

தொடர்களில் மனதில் தங்கிவிட்ட இசைத் தருணங்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால், எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பாட்டைப் போட்டது யார்? கதைக்குள் இருப்பவரா, வெளியே இருப்பவரா? கதைக்குள் யாரோ ஒருவர் கை நீட்டிப் போட்ட பாட்டுகள்தான் என்னிடம் நீண்ட நாள் தங்கியிருக்கின்றன.

வெளியே இருப்பவர் போடும் இசையை நான் மட்டம் தட்டவில்லை. நம்மூரில் டிவி இசை என்றாலே அதுதான். 1986இல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடருக்கு நம் எல். வைத்தியநாதன் போட்ட மெட்டில் வார்த்தையே கிடையாது, வெறும் 'தானானா'தான். ஆர்.கே. லக்ஷ்மணின் ஓவியங்களோடு அது வரும். அந்த ஒரு மெட்டிலேயே ஊர் முழுக்க வந்துவிடும். 1999இல் சன் டிவியில் 'சித்தி' ஆரம்பித்தபோது வைரமுத்து எழுதி, தினா இசையமைத்து, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய 'கண்ணின் மணி' தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டது. கர்நாடக சங்கீத மேடையிலிருந்து வந்த குரல் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பாட்டைப் போட்டது நாம். டிவியை ஆன் செய்த கைதான் அதைப் போட்டது. ஆனால் கதைக்குள் இருக்கும் மனுஷிக்கு அந்தப் பாட்டு கேட்காது. கதாபாத்திரத்துக்கும் கேட்கிற பாட்டு வேறு வகை.

'த வயர்' தொடரில் அதை ஒரு சட்டமாகவே வைத்திருந்தார்கள். பால்டிமோர் நகரத்துப் போலீஸ், போதை மருந்து விற்பவர்கள், துறைமுகத் தொழிலாளிகள், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று 2002 முதல் 2008 வரை 60 எபிசோட் ஓடியது. அதை உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் போலீஸ் செய்தி எழுதியவர். காட்சிக்குள் ஒரு கருவி ஒலித்தால்தான் பாட்டு. கார் கண்ணாடி இறங்கினால் உள்ளேயிருந்து ராப் கேட்கும், கார் போனதும் அதுவும் போய்விடும். பார் கதவைத் திறந்தால் இசை, மூடினால் இல்லை. சீசன் கடைசியில் வரும் தொகுப்புக் காட்சிகள் மாதிரி சில இடங்களில்தான் இந்தச் சட்டம் தளர்ந்தது. ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான் என்றால் முன்கூட்டியே எச்சரிக்க வயலின் கிடையாது. தெருவில் எந்த நேரம் என்ன நடக்கும் என்று அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

அப்படி ஒரு வறண்ட காதோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓமர் வருகிறான். போதை மருந்து விற்பவர்களிடமே கொள்ளையடிப்பவன். நீளக் கோட்டு, அதற்குள் துப்பாக்கி. மைக்கேல் கே. வில்லியம்ஸ் அந்த வேடத்தில் நடித்தார், 2021இல் இறந்துபோனார். ஓமர் தெருவில் நடந்து வரும்போது ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டு வருவான். அமெரிக்கக் குழந்தைகள் கைகோத்து வட்டமாகச் சுற்றிப் பாடும் 'த ஃபார்மர் இன் த டெல்'. எந்த மாடியிலிருந்தோ ஒரு பையன் 'ஓமர் வர்றான்' என்று கத்துவான். மூலையில் நின்று விற்றுக்கொண்டிருந்தவர்கள் சரக்கைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தெரு காலியாகிவிடும், விசில் மட்டும் கேட்கும். வேறு எந்தத் தொடரிலும் இந்த இடத்தில் முரசு அடித்திருப்பார்கள். இங்கே பயமுறுத்துவது ஒரு மழலைப் பாட்டு, அதுவும் அவன் வாயிலிருந்தே வருகிறது. அதைக் கேட்டு ஓடுவது கதைக்குள் இருப்பவர்கள். நமக்குக் கிடைக்கும் பயம் அவர்கள் மூலமாகத்தான் வருகிறது.

அதே தொடரில் மூன்றாம் சீசனில் வரும் இழவுக் காட்சியைச் சொல்லாமல் போக முடியாது. ரே கோல் என்ற துப்பறியும் அதிகாரி இறந்துவிடுகிறார். சக போலீஸ்காரர்கள் அவரது உடலை ஒரு பாருக்குக் கொண்டுவந்து பில்லியர்ட்ஸ் மேஜைமேல் கிடத்தியிருக்கிறார்கள். சார்ஜென்ட் லேண்ட்ஸ்மன் பேசுகிறார். அவர் ஒன்றும் உருக்கமாகப் பேசவில்லை. கோல் பெரிய அதிகாரியும் இல்லை, மோசமான அதிகாரியும் இல்லை என்கிற மாதிரிதான் பேச்சு. பேசி முடித்ததும் த போக்ஸ் குழுவின் 'த பாடி ஆஃப் அன் அமெரிக்கன்' ஒலிக்கிறது. அத்தனை பேரும், கையில் கிளாஸோடு, குரல் கிழியப் பாடுகிறார்கள். இழவு வீட்டில் எந்த நேரத்தில் எந்தப் பாட்டை எடுக்க வேண்டும் என்று நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரிந்திருப்பதுபோல, அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கிறது. கோலாக நடித்த ராபர்ட் கோல்ஸ்பெரி அந்தத் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர். 2004 பிப்ரவரியில் அவர் நிஜமாகவே இறந்துபோனார். அதனால்தான் கதையிலும் கோல் இறந்தார். அந்தப் பாரில் பாடிய நடிகர்கள் பாதி நடித்தார்கள், பாதி தங்கள் ஆளுக்காகவே பாடினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசி சீசனில் அதே பார், அதே மேஜை, அதே பாட்டு. இந்தத் தடவை மேஜைமேல் கிடப்பவன் துப்பறியும் அதிகாரி மெக்நல்டி, உயிரோடு. வேலையை விட்டுப் போகிறவனுக்குச் சாவுச் சடங்கு நடத்தி அனுப்புகிறார்கள். பாட்டு ஆரம்பித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தச் சடங்கு எனக்கும் பழகிவிட்டிருந்தது. தொடர் என்ற வடிவத்தால்தான் இப்படிச் செய்ய முடியும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது.

சரி, பாட்டே இல்லாத ஒரு எபிசோடுக்கு வருகிறேன். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற பெயரைக் கேட்டுப் பலர் தள்ளிவிடுவார்கள். ரத்தக் காட்டேரிகளைக் கொல்லும் பள்ளி மாணவி என்றால் அப்படித்தான் தோன்றும். ஐந்தாம் சீசனில் 2001 பிப்ரவரி 27 அன்று வந்த 'த பாடி' எபிசோடில், பஃபி வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா சோபாவில் இறந்து கிடக்கிறாள். பேய் கொல்லவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. தொடரின் டைட்டில் இசையைத் தவிர்த்தால் அந்த எபிசோட் முழுக்க இசையே கிடையாது. பஃபி பின்கதவைத் திறந்து நிற்கிறாள். காற்றில் ஆடும் மணிச்சரம் கேட்கிறது. எங்கோ குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் பாட்டி இறந்த காலையில் நான் கொல்லைப்புறத்தில் நின்றேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. கீரைக்காரம்மா 'அரக்கீரே, முளக்கீரே' என்று கூவிக்கொண்டு போனார். ஒரு கட்டு வாங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பாட்டிக்கு முளைக்கீரை பிடிக்கும். சங்கும் அழுகையும் எல்லாம் அப்புறம்தான் வந்தன. உலகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்தச் சத்தத்தை அவ்வளவு சரியாகப் பிடித்த காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதே எபிசோடில் ஆன்யா என்றொரு பெண். ஆயிரம் வருடத்துக்கு மேல் பிசாசாக இருந்து, சமீபத்தில்தான் மனுஷியானவள். சாவு என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. இனிமேல் அந்த அம்மா பழரசம் குடிக்கவே மாட்டாளா, முட்டை சாப்பிடமாட்டாளா, கொட்டாவி விடமாட்டாளா, தலை வாரிக்கொள்ளமாட்டாளா என்று கேட்டு அழுகிறாள். யாரும் எனக்கு விளக்கமாட்டேன் என்கிறார்கள் என்கிறாள். அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு பியானோ போட எவ்வளவு ஆசை வந்திருக்கும்! போடவில்லை. போட்டிருந்தால் அழ வேண்டிய நேரம் இது என்று அது நமக்குச் சொல்லியிருக்கும். ஆன்யாவுக்குச் சொல்ல யாரும் இல்லாதபோது நமக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

'பஃபி'யை உருவாக்கிய ஜாஸ் வீடன் அதே வருடம் நவம்பர் 6 அன்று இதற்கு நேரெதிரான ஒன்றைக் கொடுத்தார். 'ஒன்ஸ் மோர், வித் ஃபீலிங்' எபிசோடில் ஊரே பாடுகிறது. பாட்டுகளை வீடனே எழுதினார், நடிகர்களே சொந்தக் குரலில் பாடினார்கள். ஊருக்குள் ஒரு பிசாசு வந்திருக்கிறது. அதன் மந்திரத்தால் யாருக்கு எது மறைக்க வேண்டிய விஷயமோ அதைப் பாடித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் எல்லை மீறினால் உடம்பு தீப்பற்றி எரிந்துவிடும். நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பாத்திரங்கள் திடீரென்று ஏன் பாடுகிறார்கள் என்று யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இங்கே காரணமே கதையாகிவிடுகிறது. செத்துப்போயிருந்த பஃபியை நண்பர்கள் மந்திரம் போட்டு உயிரோடு கொண்டுவந்திருக்கிறார்கள், நரகத்திலிருந்து மீட்டோம் என்ற நினைப்பில். அவள் இருந்தது சொர்க்கத்தில். பேச்சில் அவள் அதை ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டாள். பாட்டு அவளிடமிருந்து அதைப் பிடுங்குகிறது. நண்பர்களின் முகம் மாறுவதைப் பாருங்கள். இந்த எபிசோடில் பாட்டைப் போட்டது பிசாசு, மாட்டிக்கொண்டவர்கள் பாத்திரங்கள்.

பாட்டைப் போடுவதைப் போலவே நிறுத்துவதும் ஒரு தருணம்தான். அறுபதுகளின் விளம்பர உலகைக் காட்டும் 'மேட் மென்' தொடரின் ஐந்தாம் சீசனில் டான் டிரேப்பர், இந்தக் காலத்து இளசுகள் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் திணறுகிறான். விளம்பரக்காரனுக்கு அது தெரியாமல் தொழில் நடக்காது. விளம்பர வேலையை அப்போதுதான் உதறிவிட்டு நடிக்கப் போயிருக்கும் இளம் மனைவி மேகன், பீட்டில்ஸின் 'ரிவால்வர்' இசைத்தட்டைக் கொடுத்து, இந்தப் பாட்டிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்புகிறாள். 1966இல் வந்த தட்டு. அவள் காட்டுவது கடைசிப் பாட்டு, 'டுமாரோ நெவர் நோஸ்'. டான் ஊசியை வைக்கிறான், நாற்காலியில் சாய்கிறான். பாட்டு ஓட ஓட மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறார்கள். பாட்டு முடியவில்லை. டான் எழுந்து வந்து ஊசியைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

பீட்டில்ஸின் அசல் ஒலிப்பதிவை டிவிக்குக் கொடுப்பது மிக அபூர்வம். அந்தப் பாட்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பாட்டை நடுவில் நிறுத்தத் தைரியம் வேண்டும். தொடரை உருவாக்கிய மேத்யூ வைனருக்கு அது இருந்தது. அவர் சோப்ரானோஸ் எழுத்துக் குழுவிலிருந்து வந்தவர். டானின் மௌனமான அறையில், அவன் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் வசனம் பேசவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் மனைவி விரும்பும் பாட்டு பிடிக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கல்யாணம் நிற்காது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசனில், ஒரு அரக்கனின் பிடியில் மனம் சிக்கிக்கொண்ட மேக்ஸை மீட்க, அவள் காதில் நண்பர்கள் வாக்மேன் ஹெட்போனை மாட்டும் காட்சி எல்லோருக்கும் தெரியும். கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022 ஜூனில் இங்கிலாந்தில் முதலிடம் போனது. வந்த காலத்தில் அது மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை. நான் கவனித்தது வேறு: எந்தப் பாட்டைப் போடுவது என்று நண்பர்கள் கேசட்டுகளைப் போட்டு உருட்டுகிற அந்தப் பதற்றம். அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால்தான் அவள் பிழைப்பாள். நம் கூட்டாளிகளில் எத்தனை பேருக்கு நமக்குப் பிடித்த பாட்டு தெரியும்?

இவ்வளவு சொல்லிவிட்டு 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' பற்றிப் பேசாமல் இருந்தால் பாவம். லாஸ் ஏஞ்சலஸில் சவ அடக்கத் தொழில் நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. கிட்டத்தட்ட ஒவ்வொரு எபிசோடும் யாராவது ஒருவர் சாவதில் ஆரம்பிக்கும். 2005 ஆகஸ்ட் 21 அன்று வந்த கடைசி எபிசோடில் கடைக்குட்டி கிளேர் நியூயார்க்குக்குக் காரில் கிளம்புகிறாள். கிளம்பும் முன் குடும்பத்தைப் படம் எடுக்கிறாள். செத்துப்போன அண்ணன் நேட் அவள் பின்னால் நின்று, இதைப் படம் எடுக்க முடியாது, இது ஏற்கெனவே போய்விட்டது என்கிறான். காரில் ஏறியதும் காதலன் போட்டுக் கொடுத்த சி.டி.யைச் சொருகுகிறாள். சியா பாடிய 'ப்ரீத் மீ'.

ஆரம்பத்தில் அது கார் ஸ்டீரியோவில் ஓடும் பாட்டுதான். அவள் போட்ட பாட்டு. போகப் போக அது காரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. சாலை நீள நீள, வருடங்கள் ஓடுகின்றன. அம்மா ரூத் 2025இல் சாகிறாள். இன்னொரு அண்ணன் டேவிட்டின் துணைவன் கீத் 2029இல். டேவிட் 2044இல். ஒருவர் விடாமல் எல்லோருடைய சாவையும் அந்த ஒரு பாட்டுக்குள் காட்டிவிடுகிறார்கள். கடைசியாகக் கிளேர், 2085இல், நூறு வயதைத் தாண்டி, சுவர் முழுக்கப் படங்கள் மாட்டிய அறையில், கண்ணில் புரை விழுந்து. பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. போடுபவர் உள்ளேயா வெளியேயா என்ற என் கேள்வி இங்கே உடைந்துபோகிறது. கிளேர்தான் போட்டாள், ஆனால் அவளுக்கே தெரியாத எண்பது வருடங்களுக்கும் அது கேட்கிறது. ரூத்தின் வருடம் தொடர் வந்தபோது ரொம்பத் தூரத்தில் இருந்தது. இப்போது அந்த வருடம் வந்தே விட்டது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுரிமை என்பது ஒளிபரப்புக்கு வேறு, டிவிடிக்கு வேறு, இணையத்துக்கு வேறு. பழைய ஒப்பந்தங்களில் பின்னால் வரப்போகிற வடிவங்களுக்கு இடமே இருக்காது. 'த வொண்டர் இயர்ஸ்' 1993இல் முடிந்த தொடர், முழுத் தொகுப்பாக டிவிடியில் வர 2014 ஆயிற்று. அறுபதுகளின் பாட்டுகளை அள்ளித் தெளித்த தொடர் அது. 'டாசன்ஸ் க்ரீக்' பல வருடங்கள் தன் டைட்டில் பாட்டே இல்லாமல், வேறு பாட்டோடு இணையத்தில் ஓடியது. கதாபாத்திரம் ஒரு பாட்டை ரேடியோவில் கேட்டுத் தலையாட்டுகிற காட்சியில் பாட்டை மட்டும் மாற்றினால், தலை ஒரு தாளத்தில் ஆடும், பாட்டு வேறு தாளத்தில் ஓடும். பார்க்கிறவருக்கு என்ன குறைகிறது என்றே தெரியாது. எனக்கு அதுதான் தாங்க முடிவதில்லை.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். 'த வயர்' பார்த்தால் 'ஸ்கிப் இன்ட்ரோ'வைத் தொடாதீர்கள். டாம் வெயிட்ஸ் எழுதிய ஒரே டைட்டில் பாட்டை ஐந்து சீசனுக்கும் ஐந்து பேரைப் பாட வைத்திருக்கிறார்கள். இரண்டாம் சீசனில் வெயிட்ஸே பாடுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய நான்காம் சீசனில் பாடுவது பால்டிமோரைச் சேர்ந்த பதின்வயதுப் பிள்ளைகள். ஐந்தாவதில் பாடும் ஸ்டீவ் ஏர்ல், கதைக்குள் போதையிலிருந்து மீண்ட வெய்லன் என்ற பாத்திரத்தில் நடித்தவரும்கூட. அப்புறம் 'பஃபி'யின் பாட்டு எபிசோடைத் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். ஐந்தாம் சீசனை முழுசாக முடித்துவிட்டு வாருங்கள். அந்த மௌனமான எபிசோடைக் கடந்து வந்தவர்களுக்கு அவர்கள் பாட ஆரம்பிக்கும்போது வேறு மாதிரி கேட்கும்.